மஞ்சள் தார்ப்பாயும் வலப்பக்க ஜன்னலும்

காலை எட்டு மணி ஏழு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, எங்கள் மதில் சுவருக்கு மேலே நகர்ந்து வந்த வாயகன்ற ஓர் அலுமினியச் சருவம். அதற்குக் கீழே ஆள் இருப்பது கேட் திறந்த பிறகுதான் தெரிந்தது. பொழியூரிலிருந்து மீன் கொண்டு வரும் அக்கா. உயரம் குறைவு. குரலில் அந்தக் குறை கிடையாது.

நான் அப்போது என் மனைவிக்கு ஒரு தலைப்பை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன்: "பாகு, ஐந்து இரவுகள், காலை உணவு உட்பட. சலுகை இன்றிரவு வரை."

"பாகு எங்க இருக்கு?"

"அசர்பைஜான்ல."

"அங்க காலையில என்ன தருவான்?"

செய்தியில் அது இல்லை. இல்லாததைச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

நாகர்கோவிலில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் முப்பது வருடம் இருந்தவன் நான். வீடு கேரள எல்லைக்குள், செங்கல் என்ற ஊரில். தினமும் களியக்காவிளை வழியாக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வேலைக்குப் போய் வந்தேன். என் மொத்தப் பயண அனுபவமும் அவ்வளவுதான். மேசையில் உட்கார்ந்தபடி உலகத்தின் எல்லா ஊர்களுக்கும் தலைப்பு வைத்திருக்கிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் செய்தி எதுவும் வரவில்லை. அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அந்த வாரமே கைப்பேசியில் ஒரு ஃபீட் ரீடர் போட்டுக்கொண்டேன். நாம் பெயர் கொடுக்கும் இணையதளங்களில் புதிதாக ஏதாவது ஏறினால் அதன் தலைப்பை, வந்த நேரத்தோடு, வரிசையாக ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டும் செயலி அது. பழைய டெலிபிரிண்டர்தான், காகிதமும் சத்தமும் மட்டும் இல்லை. அரசியலை முப்பது வருடம் பார்த்தாயிற்று என்பதால் பயணச் சலுகைகள் போடும் தளங்களாக நாற்பத்தொன்றைச் சேர்த்தேன்.

ஆறு வருடமாக அந்த நாற்பத்தொன்றையும் படிக்கிறேன். எந்த மாதத்தில் எந்த ஊர் மலிவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு டிக்கெட்கூட வாங்கியதில்லை. காரணம் என் தொழில் பழக்கம். இரண்டு இடத்தில் உறுதியாகாமல் எதையும் நம்ப மாட்டேன். ஒரு தளத்தில் வந்த சலுகையை இன்னொரு தளத்தில் பார்த்து உறுதி செய்வதற்குள் சலுகை முடிந்துவிடும். முடிந்துவிட்டது என்பதையும் இரண்டு இடத்தில் உறுதி செய்துகொள்வேன்.

மீன்கார அக்கா சருவத்தை இறக்கிவைத்துவிட்டு என் கைப்பேசியைப் பார்த்தார்.

"சாறே, அதுல பிளைட்டு வெல எல்லாம் வருமாக்கும்?"

"வரும்."

"நம்ம கடலுக்கு மேல வாற பிளைட்டு உண்டா?"

நான் எங்கே போக வேண்டும் என்று கேட்டேன்.

"எங்கயும் போவாண்டாம். இங்க எறங்குனா போதும்."

ஆறு வருடத்தில் நான் படித்த எந்தச் சலுகையிலும் இப்படி ஒரு தேவை வந்ததில்லை. என் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தாள். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கதை வரப்போகிறது என்பது அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

விஷயம் இதுதான். அக்காவின் கணவர் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். விடியும் முன் இறங்கினால் மாலை நாலு மணிக்குத்தான் கரைக்கு வருவார். மற்ற வள்ளங்கள் பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்குள் வந்துவிடும். கரையில் ஏலம் எடுக்கிறவர்களின் வண்டி இரண்டு மணிக்குப் போய்விடும். நாலு மணிக்கு வரும் மீனை ஐஸ்காரர் சொல்லும் விலைக்குத் தள்ள வேண்டியதுதான். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், தான் போவது கரை மறையும் தூரத்துக்கு என்பார். போன் எடுக்காததற்கும் அதே காரணம்.

"கரை மறைஞ்ச பெறவு வல போட்டவன் சூரை கொண்டு வரணும், நெய்மீன் கொண்டு வரணும். இவரு கொண்டு வாறது சாளையும் காரலும். அது எங்க வாசல்ல நின்னு கோரலாம் சாறே."

"கூடப் போறவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"அவன்மாரும் அதே வள்ளத்துல தானே இருக்கான்."

"நீங்க என்ன நினைக்கீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஆறு கடல்ல சேருற பொழிக்கு வெளிய நங்கூரம் போட்டுட்டு சீட்டு வெளையாடுதாவ. எனக்கு நெஞ்சறியத் தெரியும். கண்ணால காணல்ல. கண்ணால காணாம நாக்க நீட்டுனா, நான் கடல அறியாதவளாக்கும்னு சொல்லுவாரு. பொம்பள கடல்ல போவ முடியாது. மேல போலாம் இல்லியா?"

பெங்களூருவில் நர்ஸாக இருக்கும் அவருடைய மகள் கிறிஸ்துமஸுக்கு விமானத்தில் வந்தாளாம். இறங்குவதற்கு முன் ஜன்னல் வழியாக ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் தெரிந்ததாம், வள்ளங்கள் பயறு மணி போலக் கிடந்தனவாம். அன்றைக்கு வந்த யோசனை. மகளைப் பார்க்க ரயிலில் போவார். திரும்பும்போது மட்டும் விமானம். கணவருக்கு அது தெரிய வேண்டாம்.

ஒருவர் இவ்வளவு தெளிவாக ஒரு வேலையைச் சொல்லும்போது கேள்விகள் தானாக வரும். எந்த நேரத்தில் இறங்க வேண்டும்? பதினொரு மணிக்கு முன்னும் பின்னும், வள்ளம் கடலில் இருக்கும் நேரம். எந்தக் கிழமை? ஞாயிறு ஆகாது, யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒன்று கேட்டேன்: அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது எந்த வள்ளம் அவருடையது என்று எப்படித் தெரியும்?

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு வழி உண்டு" என்றார். நூறு ரூபாய்க்குக் காரல் வாங்கினோம். பதில் அந்த வாரம் வரவில்லை.

ஃபீட் ரீடரில் பெங்களூரு, திருவனந்தபுரம் என்ற இரண்டு சொல்லும் வரும் தலைப்புகளை மட்டும் தனியே எடுத்து வைக்க ஒரு வடிகட்டி போட்டேன். நாற்பத்தொரு தளமும் முதல்முறையாக ஒரு வேலைக்கு வந்தன. ஆனால் விமானம் பொழியூருக்கு மேலே வருமா என்பதை எந்தத் தளமும் சொல்லாது. அதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு காலை நோட்டுப் புத்தகத்தோடு பொழியூர் கடற்கரைக்குப் போனேன்.

நான் வானத்தைப் பார்ப்பதும் நேரத்தைக் குறிப்பதுமாக இருந்தேன். கால் மணி நேரத்தில் என்னைச் சுற்றி ஐந்து பேர். கடற்கரையில் நோட்டோடு நிற்பவன் ஒன்று கடலரிப்புக்குக் கணக்கெடுப்பவன், அல்லது நிலத்தை அளக்க வந்தவன் என்பது அங்கே அனுபவத்தில் கண்டது.

"சாறு சர்வேக்காக்கும்?" என்றார் ஒருவர். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

"இல்ல. விமானம் எண்ணுறேன்."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியளா மக்கா. பென்ஷன் வந்தா மனுஷன் இப்பிடி ஆவானாக்கும்."

"எதுக்கு சாறே எண்ணுறது? ஒண்ணு கொறஞ்சா நீங்க பதில் சொல்லணுமா?" என்றான் இன்னொருவன்.

வெள்ளைச் சட்டைக்காரர் எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். உட்காரத் தன் வள்ளத்தின் விளிம்பைக் காட்டினார். வள்ளத்துக்குள் ஒரு தார்ப்பாய் மடித்துக் கிடந்தது. அந்தக் கரையில் நான் பார்த்த தார்ப்பாய் எல்லாம் நீலம். இது எலுமிச்சை மஞ்சள், மடிப்புக்கூடக் கலையாத புதுசு.

"வீட்டுக்காரி வாங்கித் தந்தது," என்றார். "கடல்ல வெயில் கொள்ளாண்டாம்னு. முப்பது வருசம் கழிஞ்சு இப்பதான் எனக்கும் வெயில் அடிக்கும்னு அவளுக்குத் தோணியிருக்கு."

அக்கா சொன்ன 'வழி' எது என்று அப்போது புரிந்தது.

"ரொம்ப தூரம் போவீங்களோ?"

"நாங்க போற எடத்துல இந்தக் கரையே தெரியாது சாறே. கோபுரம் மறையும். பெறவும் ஒரு மணிக்கூறு போணும்." கையை மேற்கே நீட்டினார். மற்ற நாலு பேரும் அவரவர் கால் விரலால் மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பத்தே முக்காலுக்கு ஒரு விமானம் தெற்கிலிருந்து கரையை ஒட்டி, கடலுக்கு மேலாகத் தாழ்ந்து வந்தது. நேரத்தைக் குறித்தேன். அவரும் அண்ணாந்து பார்த்தார்.

"அதுல இருக்கவனுக்கு நம்மள தெரியுமா?" என்றார்.

"தெரியாதுன்னு நினைக்கேன்," என்றேன். செய்தியாளன் தன் செய்தியைக் காக்கச் சொல்லும் பொய்களில் அது சிறியது. அவர் வாங்கிக் கொடுத்த சாயா கையில் இருந்ததால் கொஞ்சம் பெரியதாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு பல நாள் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே பார்த்தேன். பெரும்பாலும் தெற்கிலிருந்துதான் வந்தன. காற்று மாறும் நாட்களில் வடக்கிலிருந்து இறங்கும். அந்த அபாயத்தை அக்காவிடம் சொன்னேன். "ஏலத்துலயும் அது உண்டு" என்றார்.

முதல் சலுகை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பெங்களூருவிலிருந்து காலை விமானம், பத்தே முக்காலுக்குத் திருவனந்தபுரம், ரயிலில் ஏசி பெட்டிக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சமே கூடுதல். நான் இரண்டாவது தளத்துக்குப் போனேன். என்னுடையது இலவசக் கணக்கு என்பதால் செயலி மணிக்கு ஒருமுறைதான் புதுப்பித்துக் காட்டும். நாற்பது நிமிடத்தில் உறுதியானது. டிக்கெட் பக்கத்துக்குப் போனால் விலை இரண்டரை மடங்கு.

மறுநாள் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நெத்திலியைக் குவியலாகப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"கரையில ஏலம் விளிக்கிறப்ப, நில்லு, இன்னொருத்தன்கிட்ட கேட்டுட்டு வாறேன்னு நான் போனா, திரும்பி வாறப்ப என்ன கெடக்கும் சாறே?"

"என்ன கெடக்கும்?"

"மண்ணு."

"அவருக்கு அது முப்பது வருசப் பழக்கம்," என்றாள் மனைவி. "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்தியும் ரெண்டு எடத்துல விசாரிச்சாரு."

"உறுதியாச்சா?"

"ஒரு எடத்துலதான்."

இரண்டாவது சலுகை மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழன் காலை ஒன்பது இருபதுக்கு வந்தது. அக்கா எங்கள் பின்வாசலில் உட்கார்ந்து அயிலை வெட்டிக்கொண்டிருந்தார். அதே விமானம், அதே நேரம், பதிமூன்று நாள் கழித்து ஒரு புதன்கிழமை.

"வந்திருக்கு," என்றேன்.

"போடுங்க."

"ஒரே ஒரு எடத்துல மட்டும் பாத்துட்டு…"

"சாறே."

அவர் கையில் கத்தி இருந்தது. நான் டிக்கெட் பக்கத்தைத் திறந்தேன்.

இருக்கைகளின் படம் வந்தபோதுதான் யாரும் யோசிக்காத ஒன்று புரிந்தது. தெற்கிலிருந்து வடக்கே, கடலுக்கு மேலாக வரும் விமானத்தில் கரை வலப்பக்கம் இருக்கும். கரையை ஒட்டிக் கிடக்கும் வள்ளம் வலப்பக்க ஜன்னலில்தான் தெரியும். கணவர் சொல்வது உண்மையாக இருந்து, அவர் வெகுதூரம் போயிருந்தால், அது இடப்பக்க ஜன்னலில் தெரிய வேண்டும். எந்த ஜன்னலைத் தேர்ந்தாலும் மற்றப் பக்கம் தெரியாது. அதாவது, கணவரை நம்புகிறாரா இல்லையா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே அக்கா சொல்லியாக வேண்டும்.

படத்தைக் காட்டி விளக்கினேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார். அதுவரை அவர் எதற்கும் தயங்கி நான் பார்த்ததில்லை.

"வலப்பக்கம் இருந்து ஒண்ணும் காணல்லன்னு வையுங்க," என்றார் மெதுவாக. "அப்ப அவரு தூரத்துல இருக்காரா, இல்ல நான்தான் சரியா பாக்கலியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அது சாவுற வரைக்கும் கெடந்து அரிக்கும்."

"அப்ப ரெண்டு பேரு போணும்," என்றாள் என் மனைவி. "இடப்பக்கம் நான் இருக்கேன்."

ஒரு பொதுக் காரியத்துக்காகத் தன் நேரத்தைத் தியாகம் செய்பவளின் குரலில் அதைச் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் செய்தி எதுவும் இல்லை. இரண்டு டிக்கெட் போட்டேன். ஆறு வருடத்தில் என் ஃபீட் ரீடர் வாங்கித் தந்த முதல் பயணம் அது. அதில் நான் இல்லை.

திங்கட்கிழமை இருவரும் நெய்யாற்றின்கரையில் ரயில் ஏறினார்கள். மகளுக்காகக் கருவாடு ஒரு பெட்டி, என் மனைவியிடம் முறுக்கு ஒரு டப்பா. வழியனுப்ப அக்காவின் கணவரும் வந்திருந்தார். "பிள்ளைட்ட நான் கேட்டதா பறயணும்," என்றார். என்னைக் கண்டதும், "சாறு இப்பவும் எண்ணுதியளா?" என்றார். எண்ணுவதைக் குறைத்துவிட்டேன் என்றேன்.

புதன்கிழமை பத்து முப்பத்தெட்டுக்கு மொட்டை மாடியில் நின்றேன். தென்மேற்கே ஒரு விமானம் தாழ்ந்து வடக்கே போனது. வெயில் நன்றாக இருந்தது, மேகம் இல்லை.

ஒன்றரை மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பது மேசையில் கற்றது. அக்காவை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு மனைவியை அடுக்களைக்கு அழைத்துப்போனேன்.

"என்ன பார்த்த?"

"கடல். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு பெரிய கப்பல். வேற ஒண்ணும் இல்ல."

"வள்ளம்?"

"கண்ணுக்கு எட்டின வரை ஒண்ணுகூட இல்ல. ரெண்டு தடவ பாத்தேன். நீங்க கேப்பீங்கன்னு தெரியும்." பையிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்தாள். விமானத்தில் வாந்தி எடுக்கக் கொடுப்பது. உபயோகிக்காதது. "இத வச்சுக்கலாமாம். கேட்டுட்டுத்தான் எடுத்தேன்." அதை அரிசி டப்பாவுக்கு மேலே பத்திரமாக வைத்தாள்.

முன்னறைக்கு வந்தேன். அக்கா மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அவரைச் சருவம் இல்லாமல் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"கண்டியளா?"

"கண்டேன்."

"எங்க?"

"பொழிக்கு நேரா. கரையில நின்னு விளிச்சா கேக்கும். நாலு வள்ளம் சேத்து ஒண்ணாக் கெட்டிப் போட்டிருக்கு. மூணு நீலம். நடுவுல நம்ம மஞ்சள்." தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நல்ல நெழலா இருந்திருக்கும். தார்ப்பாய் நல்ல சாதனமாக்கும்."

"நீங்க என்ன செஞ்சிய?"

"கை காட்டுனேன்."

"விமானத்துல இருந்தா?"

"பின்ன? மனுஷன கண்டா கை காட்டாண்டாமா?"

உள்ளே இருந்து என் மனைவி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பொழியூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மீன் வரவில்லை. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குச் சருவம் மதிலுக்கு மேலே வந்தது. நாங்கள் இருவரும் முன்பே கேட்டருகில் போய் நின்றிருந்தோம்.

"கேட்டியளா அவர்ட்ட?" என்றாள் மனைவி.

"என்னத்த கேக்க? சண்ட ஒண்ணும் போடல்ல. 'பதினொண்ணுக்கு கொஞ்சம் முன்ன நான் உங்களுக்கு கை காட்டுனேனே, பாக்கலியா'ன்னு மட்டும் கேட்டேன்."

"அதுக்கு?"

"சாயா குடிச்சிட்டிருந்தாரு. கிளாச கீழ வச்சாரு."

"பெறவு?"

"வடக்கோட்டு பாத்தாரு, தெக்கோட்டு பாத்தாரு. பெறவு மேலோட்டு பாத்தாரு." அக்கா சருவத்தின் மூடியைத் திறந்தார். "அயிலை உண்டு, வேணுமா?"

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு கடற்கரையில் அவர் கணவரைப் பார்த்தேன். சாயா வாங்கிக் கொடுத்தார். நாங்கள் இருவரும் கடலைப் பற்றியோ வானத்தைப் பற்றியோ பேசவில்லை. ஒரு விமானம் வந்தது. அவர் பீடியை அணைத்துவிட்டு வள்ளத்தின் மறுபக்கம் போய் வலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

என் மனைவி இப்போது தன் கைப்பேசியிலும் ஒரு ஃபீட் ரீடர் போட்டிருக்கிறாள். பாகுவில் காலை உணவுக்கு என்ன தருவார்கள் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். ஒரே இடத்தில் பார்த்ததுதான். அதைச் சுட்டிக்காட்டினேன். போதும் என்றாள்.

அக்கா வீட்டு வள்ளம் இப்போது மதியம் ஒரு மணிக்குள் கரை ஏறுகிறது. வள்ளத்துக்கு இனி வேண்டாம் என்று அக்கா தந்த மஞ்சள் தார்ப்பாய் எங்கள் கோழிக்கூட்டின் மேல் கிடக்கிறது.